மாமியார் வீட்டுக்குப் போகும்போது மட்டும் கொதிக்கும் அம்பாசடர்: ஹெட்டை இறக்கவா, வேண்டாமா?

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1978 அம்பாசடர் மார்க் 3, பெட்ரோல், 1489 சிசி. மூன்று வருஷமாக என் கையில் இருக்கிறது. எஞ்சினை ஒரு தடவைகூட இறக்கியதில்லை என்று அப்பா சொல்வார். அப்பா தன் சர்க்கரையைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். மனைவிக்கு ஊர் வள்ளியூர். நாகர்கோவிலில் இருந்து மாதத்துக்கு இரண்டு தடவையாவது போவோம். போகும்போது தோவாளை வரை ஒரு குறையும் இல்லை. ஆரல்வாய்மொழி தாண்டியதும் ஹீட் முள் ஏற ஆரம்பிக்கும், முப்பந்தல் வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிடும். இன்று இசக்கியம்மன் கோயில் பக்கத்தில் ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டர் மூடி ஓரமாக ஆவி சீறுகிறது. கொஞ்சம் அடங்கியதும் துணியைப் போட்டுத் திறந்து, இரண்டு பாட்டில் தண்ணீரை அப்படியே ஊற்றி, ஒரு அரை மணி நேரம் நின்று கிளம்பினோம்.

குழப்பம் என்னவென்றால், திரும்பி வரும்போது ஒன்றுமே இல்லை. சாயங்காலம் 4 மணி வெயில். வண்டியில் கூடுதலாக மாமியார், ஒரு மூட்டை அரிசி. முள் பாதியைத் தாண்டவில்லை. போன தடவையும் இதே கதை.

இதுவரை செய்தது: ஏப்ரலில் வாட்டர் பம்ப் மாற்றியாச்சு, பழையதில் சீல் ஒழுகியது. அதோடு ஃபேன் பெல்ட்டும் புதுசு. ரேடியேட்டர் மூடி புதுசு, 7 பவுண்டு அழுத்தம் தாங்குவது. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கிடையாது, முன்பே ஒரு மெக்கானிக் கழற்றி வீசிவிட்டார். பட்டறையில் கேட்டால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேலே இருக்கிற ஹெட்டுக்கும் நடுவில் உள்ள தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கணும் என்கிறார்கள். இறக்கவா?

குழித்துறை_பத்மினி | ஞாயிறு, இரவு 9.22

மக்கா, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகும்போது கொதிக்குது, திரும்பும்போது குளிருது. ஓட்டுகிறவர் மனசை வண்டி அப்படியே காட்டுது.

மஸ்கட்_கருங்கல் | ஞாயிறு, இரவு 9.31

திரும்பும்போது மாமியாரே வண்டிக்குள் இருந்திருக்கிறாரே. உங்கள் கணக்குப்படி அப்போதுதானே வெடித்திருக்க வேண்டும்?

டீசல்_தக்கலை | ஞாயிறு, இரவு 9.45

சந்தேகமே வேண்டாம், ஹெட் கேஸ்கெட்தான். என் டீசல் அம்பாசடரில் இதேதான் நடந்தது. மூடி மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன், கடைசியில் ஹெட்டை இறக்கி லேத்தில் கொடுத்து ஃபேஸ் பண்ணி மட்டமாக்கின பிறகுதான் அடங்கியது. தெர்மோஸ்டாட் இல்லாதது நல்லதுதான். நம்ம ஊர் சூட்டுக்கு அது எதுக்கு?

ஓய்வுபெற்ற_ஆசான் | திங்கள், காலை 6.05

நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

ஹெட்டில் கை வைக்காதீங்க மக்களே. கேஸ்கெட் போன வண்டிக்குத் திசை தெரியாது. வள்ளியூர் போகும்போது போன கேஸ்கெட், நாகர்கோவில் வரும்போது தானா ஒட்டிக்குமா?

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. காலையில் எஞ்சின் நல்லா ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய் வரைக்கும் தண்ணீர் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. டார்ச் அடித்துப் பாருங்க. ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுபோனால் அது உள்ளே தங்கியிருந்த காற்று. விடாமல் மணிமணியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தாலோ, ரேஸ் பண்ணும்போது தண்ணீரைத் துப்பினாலோ கேஸ்கெட்டைச் சந்தேகப்படலாம். ஆயில் கம்பியையும் உருவிப் பாருங்க. ஆயில் பால் விட்ட சாயா மாதிரி இருக்கக் கூடாது.

இன்னொன்று. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை அப்படியே ஊற்றினேன் என்று எழுதியிருக்கீங்க. வார்ப்பிரும்பு அது. சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று கொல்லன் பட்டறையில் போய்ப் பாருங்க. ஹெட் வெடித்திருந்தால் இப்போது நான் வேறு மாதிரிதான் பேசிக்கொண்டிருப்பேன். அணைத்துவிட்டு நிழலில் முக்கால் மணி நேரம் சும்மா இருங்க. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, ஓடவிட்டபடியே பையப் பைய ஊற்றணும்.

கடைசியாக ஒரு கேள்வி, அதுதான் முக்கியம். வடசேரி நெரிசலில் நின்று நின்று போகும்போது முள் என்ன செய்கிறது? ஆள் இல்லாத ரோட்டில் 60-ல் போகும்போது என்ன செய்கிறது? இதற்குப் பதில் வராமல் எவன் எந்தச் சாமான் மாற்றச் சொன்னாலும் மாற்றாதீங்க.

குழித்துறை_பத்மினி | திங்கள், காலை 7.40

ஆசான் சொன்னதோடு என் பங்குக்கும் ஒன்று. துணி போட்டால்கூட சூட்டில் மூடியைத் திறக்காதீங்க. அழுத்தத்தில் இருக்கும்போது உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். 7 பவுண்டு அழுத்தத்தில் கொதிநிலை கிட்டத்தட்ட 111, 112-க்குப் போய்விடும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போகும், மொத்தமும் ஆவியாகப் பொங்கி முகத்துக்கு வரும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வருவதற்கு முந்தின காலம், அந்த நெரிசலில் பொறுமை இல்லாமல் என் பத்மினி காரின் மூடியைத் திறந்தேன். இடது முழங்கையில் இன்னும் அடையாளம் இருக்கிறது.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | திங்கள், இரவு 8.15

ஆசான், காலையிலேயே பார்த்துவிட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் நாலைந்து குமிழி, அப்புறம் ஒன்றும் இல்லை. ரேஸ் பண்ணியும் துப்பவில்லை. ஆயில் கறுப்பு, சாயா நிறம் இல்லை.

வடசேரியில் சும்மா நின்றால் முள் பைய ஏறுகிறது. பார்வதிபுரம் பாலம் ஏறி வேகம் பிடித்தால் இறங்குகிறது. 60-ல் மார்த்தாண்டம் போனபோது ஒரு தொந்தரவும் இல்லை. ஆரல்வாய்மொழி ரோட்டில் மட்டும்தான் 60-ல் போனாலும் ஏறுகிறது. அங்கே ஏற்றம்கூடப் பெரிதாக இல்லை. இதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஓய்வுபெற்ற_ஆசான் | திங்கள், இரவு 9.00

நின்னா ஏறி, ஓடினா இறங்கினால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போதவில்லை. நின்னா சும்மா இருந்து, ஓட ஓட ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் அடைப்பு, கீழ் ஹோஸ் உறிஞ்சி ஒட்டிக்கொள்வது, பம்ப் இறக்கை அரித்துப்போவது எல்லாம் அந்த இரண்டாவது கணக்கு. இக்னிஷன் டைமிங் பின்தங்கிக் கிடந்தாலும், கார்புரேட்டரில் பெட்ரோல் குறைத்து வைத்திருந்தாலும் சூடு ஏறும். ஆனால் அதெல்லாம் போகும்போதும் வரும்போதும் ஒரே மாதிரிதான் ஏறும்.

உங்க வண்டி முதல் கணக்கு. வடசேரிக்கு அது சரியாக வருகிறது. ஆரல்வாய்மொழிக்கு எப்படி என்று நான் யோசிக்கணும்.

டீசல்_தக்கலை | திங்கள், இரவு 9.20

காற்றுப் போதவில்லை என்றால் நேரே எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிட வேண்டியதுதானே? பழைய சாமான் கடையில் மாருதி 800 ஃபேன் கிடைக்கும். ஒரு சுவிட்ச், ஒரு ரிலே, முடிந்தது.

மஸ்கட்_கருங்கல் | திங்கள், இரவு 9.34

அண்ணே, மார்க் 3-ல் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க இன்னும் பழைய டைனமோ இருந்தால் கஷ்டம். அது நல்ல வேகத்தில் சுற்றும்போதே 22 ஆம்பியர் சுமார்தான் கொடுக்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் சும்மா ஓடும்போது, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. ஃபேன் அவசியமாகத் தேவைப்படுவது ஐடிலில்தான். ராத்திரி, ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் கொதிக்காமல் வீட்டுக்கு வரலாம், ஆனால் பேட்டரி காலியாகித் தள்ளிக்கொண்டு வரணும். ஆல்டர்னேட்டர் மாற்றின வண்டி என்றால் சரி.

அப்புறம் அந்த தெர்மோஸ்டாட் பேச்சு. நான் இருக்கிற ஊரில் கோடையில் 45 டிகிரி தாண்டும். இங்கே ஓடுகிற ஒரு வண்டிகூட தெர்மோஸ்டாட் இல்லாமல் வருவதில்லை. நம்ம ஊரில் மட்டும் அதை ஏன் குடல்வால் மாதிரி அறுத்து எறிகிறார்கள்?

டீசல்_தக்கலை | திங்கள், இரவு 9.41

மாட்டிக்கிட்டு மூடியபடியே நின்றால் நடுரோட்டில் எஞ்சின் வெந்துபோகும். அதனால்தான் எறிகிறார்கள். 20 வருஷமாக தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஓய்வுபெற்ற_ஆசான் | செவ்வாய், காலை 5.50

ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்குத் தெரிவது. சிலிண்டருக்குத் தெரிவது வேறு. எஞ்சின் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகாமலே ஓடினால் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவும், ஆயிலில் ஈரம் தங்கிச் சேறு கட்டும். காலையில் ஸ்டார்ட் பண்ணி கடைக்குப் போய் வருகிற வண்டிக்குத்தான் இது அதிகம். சூடான நாட்டுக்கென்றே 74 டிகிரியில் திறக்கிற தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதை வாங்கிப் போட்டால் தொந்தரவு இல்லை. ஆனால் கொதிக்கிற காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு போடுங்க. இப்போது போட்டால் பழியை அதன் மேல் போட்டுத் திரும்பவும் கழற்றுவீங்க.

முப்பந்தல்_காற்றாடி | செவ்வாய், பகல் 1.15

நான் கார்க்காரன் இல்லை. மாமாவின் பத்மினியைத் துடைத்துக் கொடுப்பதோடு சரி. காற்றாலையில் பராமரிப்பு வேலை. இந்த இழையைப் படித்ததும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நீங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வேலை.

அண்ணாச்சி, அடுத்த தடவை போகும்போது காற்றாலைகளைப் பாருங்கள். இந்த சீசனில் எல்லா விசிறியும் உங்களைப் பார்த்து நிற்கும். திரும்பி வரும்போது எல்லாம் முதுகைக் காட்டும். காற்றாலை எப்போதும் காற்று வருகிற பக்கம்தான் முகத்தைத் திருப்பி வைத்திருக்கும். அதாவது போகும்போது காற்று உங்கள் முதுகில், வரும்போது உங்கள் முகத்தில்.

தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று பிய்த்துக்கொண்டு வரும். மேலே வினாடிக்கு 10, 12 மீட்டர் சாதாரணமாகக் காட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் கொஞ்சம் குறையும். நீங்கள் 60-ல் போகிறீர்கள், பின்னாலிருந்து 30-ல் காற்று தள்ளுகிறது என்றால் உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைப்பது 30 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். லாரிக்குப் பின்னால் 40-ல் போனால் 10. ஓடுகிற வண்டி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ரேடியேட்டருக்கு அது வடசேரி நெரிசலில் நிற்கிற வண்டி மாதிரிதான். வரும்போது அதே 60-க்கு 90 கிலோமீட்டர் காற்று. சும்மாவா குளிர்ந்தது!

ஓய்வுபெற்ற_ஆசான் | செவ்வாய், பகல் 2.00

கொள்ளாம். 40 வருஷம் பஸ்ஸுக்குக் கீழே படுத்தவனுக்கு இது தோன்றவில்லை.

குழித்துறை_பத்மினி | செவ்வாய், பகல் 2.12

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அந்த ரோட்டில் ஜூலையில் பைக்கில் போனால் போகும்போது சட்டைகூட அசையாது, வரும்போது ஹெல்மெட் கழன்று போகிற மாதிரி இருக்கும்.

டீசல்_தக்கலை | செவ்வாய், மாலை 6.30

காற்று எல்லா வண்டிக்கும்தானே அடிக்குது? என் வண்டி ஏன் கொதிக்கலை?

முப்பந்தல்_காற்றாடி | செவ்வாய், மாலை 6.48

நியாயமான கேள்வி. உங்கள் ஃபேன் அந்தக் குறையை ஈடுகட்டுகிறது, அவருடையது ஈடுகட்டவில்லை. அதற்கு மேல் எனக்குத் தெரியாது, ஆசானிடம் விட்டுவிடுகிறேன். ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். கொதிக்கப்போகிற நேரத்தில் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, காலியான இடத்தில் எஞ்சினை அணைக்காமல் வண்டியின் மூக்கை மேற்கே திருப்பி நிறுத்துங்கள். முள் இறங்கினால் நான் சொன்னது சரி.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, மாலை 7.05

திருப்பி நிறுத்தினேன்!

ஆரல்வாய்மொழி தாண்டி முள் முக்கால் வந்ததும் ஒரு பக்கவாட்டு ரோட்டில் இறங்கினேன். முதலில் கிழக்கே பார்த்தபடியே இரண்டு நிமிஷம் ஐடிலில் விட்டேன். முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. உடனே வண்டியைச் சுற்றித் திருப்பினேன். கதவைத் திறக்கக்கூட முடியவில்லை, அப்படி ஒரு காற்று. கிரில்லுக்குள் விசில் சத்தம் கேட்கிறது. நாலு நிமிஷத்தில் முள் பாதிக்கு வந்துவிட்டது. ஐடிலில், வெயிலில்! மனைவி வீடியோ எடுத்து வள்ளியூருக்கு அனுப்பிவிட்டாள். போய்ச் சேர்ந்ததும் மச்சான், "அத்தான், ரிவர்ஸிலேயே ஓட்டிட்டு வந்திருக்கலாமே" என்கிறான்.

ஓய்வுபெற்ற_ஆசான் | ஞாயிறு, இரவு 7.40

நல்லது. தண்ணீர் ஓட்டம் ஓரளவுக்கு இருக்கிறது, காற்று கிடைத்தால் சூட்டை வெளியே விடுகிறது என்பது தெரிந்துபோச்சு. இனி ஃபேனைப் பிடிப்போம்.

வண்டியை வீட்டு முற்றத்தில் ஐடிலில் விட்டு, நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து ரேடியேட்டர் முன்பக்கம் வையுங்க. ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் அப்படியே ஒட்டி நிற்கணும். பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் அரை இஞ்ச் அளவு தாழணும், அதற்கு மேல் தொளதொளவென்று இருக்கக் கூடாது. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேன் இறக்கையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. பக்கவாட்டில் இருந்து எடுக்கணும்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, இரவு 8.30

தாள் ஒட்டவில்லை. வைத்த கையை எடுத்ததும் கீழே விழுந்துவிட்டது. பெல்ட் சரியாக இருக்கிறது. போட்டோ போட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_ஆசான் | ஞாயிறு, இரவு 8.41

மகள் போட்டோவைப் பெரிசாக்கிக் காட்டினாள். ஃபேனைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, இரவு 8.43

என்னது? ஆசான், காற்று எஞ்சின் பக்கம்தானே வருகிறது. கை வைத்துப் பார்த்தேனே.

ஓய்வுபெற்ற_ஆசான் | ஞாயிறு, இரவு 8.58

வரும். அதனால்தான் யாருக்கும் பிடிபடுவதில்லை. வீட்டு மேஜை ஃபேனில் மோட்டாருக்குள்ளே வயரை மாற்றிக் கொடுத்தால் காற்று பின்பக்கம் போகும், ஏனென்றால் சுற்றுகிற திசை மாறுகிறது. இங்கே சுற்றுகிற திசை மாறவில்லை, இறக்கையைத்தான் முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள். இறக்கையின் சாய்வு அப்படியே இருக்கும், காற்றும் அதே பக்கம்தான் போகும். ஆனால் இறக்கையில் ஒரு குழிவு இருக்கிறதே, அகப்பை மாதிரி, அந்தக் குழிந்த பக்கம் எஞ்சினைப் பார்க்கணும். உங்க வண்டியில் அது ரேடியேட்டரைப் பார்க்கிறது. கவிழ்த்துப் பிடித்த அகப்பையில் கஞ்சி எவ்வளவு வரும்? அவ்வளவு காற்றுதான் வரும்.

ஏப்ரலில் பம்ப் மாற்றினீங்க. பம்ப்பை எடுக்க ஃபேனைக் கழற்றியாகணும். நாலு போல்ட், நாலு ஓட்டை, எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரும். யாரையும் குறை சொல்லவில்லை, சாயங்கால நேரத்தில் பையன் ஒருத்தன் மாட்டியிருப்பான். நானும் ஒரு காலத்தில் அந்தப் பையன்தான்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, இரவு 9.15

ஏப்ரலுக்கு அப்புறம்தான் எல்லாமே. மே மாதம் சித்தி மகன் கல்யாணத்துக்கு இதே வண்டியைத்தான் ஜோடித்தோம். தோவாளையில் வாங்கின பிச்சிப்பூச் சரத்தைக் கிரில் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். மண்டபம் போவதற்குள் முள் ஏறிவிட்டது. பூதான் காற்றை மறைக்கிறது என்று நினைத்து, பூவைப் பிய்த்து எறிந்தேன். சித்தி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

குழித்துறை_பத்மினி | ஞாயிறு, இரவு 9.20

போட்டோவை சித்திக்கு அனுப்பு மக்கா. குற்றவாளி கிடைத்துவிட்டது.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | புதன், இரவு 8.50

ஃபேனைத் திருப்பிப் போட்டாச்சு. நானே செய்தேன். ரேடியேட்டரைக் கழற்றாமல் போல்ட்டில் ஸ்பேனர் பிடிக்க இடமே இல்லை. விரல் முட்டியில் தோல் போனதுதான் மிச்சம். இப்போது தாள் 'சப்' என்று ஒட்டுகிறது.

வடசேரியில் 20 நிமிஷம் நின்றும் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் முப்பந்தல் வரை ஒரு ஓட்டம் போய்ப் பார்த்தேன். முக்கால் வரைக்கும் வந்தது. கொதிக்கவில்லை, இருந்தாலும் மனசு அடித்துக்கொள்கிறது. இதுதான் இயல்பா?

மஸ்கட்_கருங்கல் | புதன், இரவு 9.05

முக்கால் என்பது முள் சொல்வது. 45 வருஷத்து மீட்டரை நம்ப வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ரேடியேட்டர் மேல் தொட்டி, கீழ் தொட்டி, நடுவில் அங்கங்கே என்று சூடு பாருங்கள். கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தார்களே, அது உதவாது. அது காய்ச்சல் பார்க்க மட்டும், 43-க்கு மேல் காட்டாது. தொழிற்சாலைக்கு விற்கிறது வேண்டும். பித்தளைத் தொட்டி பளபளப்பாக இருந்தால் அளவு தப்பும், கறுப்பு பெயின்ட் அடித்த இடத்தில் பிடியுங்கள்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | வியாழன், இரவு 9.30

ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். மேல் தொட்டி 96. கோரில், அதாவது நடுவில் இருக்கிற குழாய்ப் பகுதியில், டிரைவர் பக்கம் 85 முதல் 90 வரை. மறுபக்கம் ஒரு மூன்றில் ஒரு பங்கு, மேலிருந்து கீழ் வரை 50, 55 என்றுதான் காட்டுகிறது.

ஓய்வுபெற்ற_ஆசான் | வெள்ளி, காலை 6.00

அந்த மூன்றில் ஒரு பங்கில் தண்ணீர் ஓடவில்லை. அடைப்பு. ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து மேல் தொட்டியை ஈயம் உருக்கித் திறக்கச் சொல்லுங்க. மேலோட்டமாகத் தண்ணீர் அடித்துக் கழுவித் தந்தால் வாங்காதீங்க.

வண்டியில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீங்க? வீட்டுக் கிணற்று வெள்ளமா? வீட்டில் வென்னி வைக்கிற பானையின் உள்பக்கத்தைப் பாருங்க. அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறதா? அது உங்க எஞ்சினுக்குள்ளும் இருக்கிறது. பானையிலாவது தேய்க்கலாம்.

அப்புறம் நேரே கேட்கிறேன், கோபப்படக் கூடாது. மஞ்சள்தூள் போட்டிருக்கீங்களா?

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | வெள்ளி, காலை 8.20

எப்படித் தெரியும்? போன வருஷம் திற்பரப்பு போகும் வழியில் ரேடியேட்டரில் சின்ன ஒழுக்கு. குலசேகரத்தில் ஒரு மளிகைக் கடையில் 100 கிராம் பாக்கெட் வாங்கிப் போட்டேன். அப்பா சொன்ன வைத்தியம். ஒழுக்கு நின்றுவிட்டது.

ஓய்வுபெற்ற_ஆசான் | வெள்ளி, காலை 8.35

நிற்கும். வீடு வந்து சேர நல்ல வைத்தியம், நானே செய்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் போதும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வடித்துக் கழுவிவிட்டு ஒழுக்கை ஈயம் வைத்து அடைத்திருக்கணும். நீங்க 100 கிராமைக் கொட்டி ஒரு வருஷம் கொதிக்கவிட்டிருக்கீங்க. அதுக்குப் பேரு குழம்பு.

டீசல்_தக்கலை | வெள்ளி, காலை 9.10

ஆசான், இதை நீங்கள் போன மாதமே சொல்லியிருந்தால் நானும் பிழைத்திருப்பேன்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | செவ்வாய், இரவு 9.00

பட்டறைக்காரர் தொட்டியைத் திறந்து காட்டினார். குழாய் வாய்களின் மேல் மஞ்சளும் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து, காய்ந்த சந்தனம் மாதிரி ஒரு படலம். ஸ்க்ரூடிரைவரால் கீறினால் செதில் செதிலாக வருகிறது. கிட்டே போனால் இன்னும் மஞ்சள் வாசனை. பட்டையான இரும்புத் தகட்டை ஒவ்வொரு குழாயாக விட்டு விட்டு இழுத்தார், ஒரு பகல் முழுக்க. பிறகு வாயை அடைத்து, காற்று ஏற்றி, தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். பழைய ஒழுக்கு இருந்த இடத்தில் குமிழி வந்தது. அதையும் ஈயம் வைத்துவிட்டார். வெளியே லேசாகக் கறுப்பு பெயின்ட், தடிப்பாக அடித்தால் சூடு வெளியே போகாது என்று அவரே சொன்னார்.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே பிளாக்கையும் கழுவினேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பின்னால் இருக்கும் டிரெயின் டாப்பைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குத்தினேன். முதலில் செங்கல் நிறத்தில் சேறு, பிறகு கறுப்பு, கடைசியில்தான் தண்ணீர். தோட்டத்துக் குழாயை மேலே சொருகி, தெளிந்து வரும் வரைக்கும் விட்டேன். முற்றம் முழுக்கக் காவி. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார், அதுதான் பயமாக இருக்கிறது.

மஸ்கட்_கருங்கல் | செவ்வாய், இரவு 9.18

அருமை. இனிமேல் கிணற்று நீர் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் கலந்தால் போதும். பாதிக்குப் பாதி என்று டப்பாவில் போட்டிருப்பது பனி உறைகிற நாட்டுக்கு. கூலன்ட்டில் இருக்கிற கிளைகால் தண்ணீர் அளவுக்குச் சூட்டைச் சுமக்காது. நமக்கு அதில் வேண்டியது துருப்பிடிக்காமல் காக்கிற மருந்து மட்டும்தான்.

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | ஞாயிறு, இரவு 10.05

இன்று வள்ளியூர் போய் வந்தாச்சு.

74 டிகிரி தெர்மோஸ்டாட் வாங்கினேன். மாட்டுவதற்கு முன் நூலில் கட்டிப் பால் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். 70 வரை அசையவில்லை. 75-க்குப் பக்கத்தில் வாயைத் திறந்தது, பாத்திரத்தை இறக்கினதும் பைய மூடிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. காற்று தங்காமல் இருக்கத் தட்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட்டேன். பால் பாத்திரத்துக்குப் பதில் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தாச்சு, அதையும் செலவில் சேர்க்கணும்.

ஆரல்வாய்மொழியில் இன்று நல்ல காற்று. ஓரமாக நின்ற பனைமரம் எல்லாம் கிழக்கே தலை சாய்த்துக் கிடந்தது. காற்றாலைகள் அத்தனையும் என்னைப் பார்த்து நின்றன. நான் முள்ளைத்தான் பார்த்தேன். முப்பந்தலில் பாதிக்கு ஒரு நூல் மேலே, அதோடு நின்றுவிட்டது. வேண்டுமென்றே ஒரு லாரிக்குப் பின்னால் 40-ல் போனேன். அசையவில்லை. இறங்கிப் பார்த்தபோது மேல் தொட்டி 86. இசக்கியம்மன் கோயிலில் இந்தத் தடவை சாமி கும்பிட மட்டும் நின்றோம்.

வாசலில் மாமியார் கேட்டது: "அதுக்குள்ளயா வந்துட்டீங்க? இன்னும் உலை வைக்கலையே."

குழித்துறை_பத்மினி | ஞாயிறு, இரவு 10.12

இனி வண்டியைச் சாக்குச் சொல்லித் தாமதமாகப் போக முடியாது. எதைத் தொலைத்திருக்கிறாய் என்று இப்போது புரியாது மக்கா.

டீசல்_தக்கலை | ஞாயிறு, இரவு 10.20

வாழ்த்துகள். நான் சொன்னபடி ஹெட்டை இறக்கியிருந்தால் செலவு எங்கேயோ போயிருக்கும், ஒத்துக்கொள்கிறேன். தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

முப்பந்தல்_காற்றாடி | ஞாயிறு, இரவு 10.31

மாமாவிடம் இந்த இழையைக் காட்டினேன். உடனே போய் பத்மினி ஃபேனைத் தடவிப் பார்த்தார். சரியாகத்தான் இருக்கிறதாம். கொஞ்சம் ஏமாற்றம் அவருக்கு.

ஓய்வுபெற்ற_ஆசான் | திங்கள், காலை 5.45

சந்தோஷம் மக்களே. ஃபேனைத் திருப்பிப் போட்டீங்களே, அந்த நாலு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர் போட்டீங்களா?

வெட்டூர்ணிமடம்_மார்க்3 | திங்கள், காலை 6.20

ஆசான், டிரேயில் நாலு வளையம் மிச்சம் கிடந்தது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது. முற்றத்துக்குப் போகிறேன்.